உரிய சட்ட நடைமுறை: அமெரிக்காவில் ஒரு சொற்றொடர் உரிமையாக மாறிய வரலாறு

எந்த மனிதரின் உயிரையும், சுதந்திரத்தையும், உடைமையையும் உரிய சட்ட நடைமுறையின்றி அரசு பறிக்கக் கூடாது. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் இந்த உறுதிமொழி இரண்டு இடங்களில் உள்ளது. 1791இல் ஏற்கப்பட்ட ஐந்தாவது திருத்தம் அதனைக் கூட்டாட்சி அரசின் மீது கடமையாக விதித்தது. 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காவது திருத்தம் அதே கடமையை மாநில அரசுகளின் மீதும் விதித்தது. தனிமனித உரிமைகள் குறித்த அமெரிக்கச் சட்டத்தின் பெரும்பகுதி இந்த ஒரு சொற்றொடரின் மீதே கட்டப்பட்டுள்ளது.

இந்த உறுதிமொழி முதலில் எழுதப்பட்ட காலத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர் என்பதை 1790ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அவர்களுடைய உயிரும் சுதந்திரமும் எந்த நடைமுறையுமின்றிப் பறிக்கப்பட்டிருந்தன. அச்சொற்றொடரை எழுதியவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தென்படவில்லை. அவர்களுள் பலர் அடிமை உடைமையாளர்களாகவே இருந்தனர்.

உரிய சட்ட நடைமுறை என்றால் என்ன, அது யாருடைய வழக்குகளின் வழியாக நடைமுறை உரிமையானது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரையில் ஆராய்வோம். சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் தங்கள் அமைப்புகளையும் வழக்குரைஞர்களையும் கொண்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பின்னரே அச்சொற்றொடர் பொருள் பெற்றது என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் முதன்மைச் செய்தி. நம் நாட்டு அரசமைப்பு அவை இச்சொற்றொடரை விவாதித்து, ஏற்காமல் விட்டது. ஆகவே இது நம்முடைய வரலாற்றோடும் தொடர்புடையது.

சொற்றொடரின் பொருள்

உரிய சட்ட நடைமுறைக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் இரு பொருள் கொள்கின்றன. முதலாவது, நடைமுறை சார்ந்தது. ஒருவரின் உரிமையைப் பறிக்கும் முன் அரசு அவருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். பக்கச் சார்பற்ற ஒருவர் சான்றுகளின் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும். கைது, குற்ற விசாரணை, தண்டனை ஆகியவற்றில் மட்டுமின்றி, அரசு வேலையிலிருந்து நீக்குதல், மாணவரைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்தல், உதவித்தொகையை நிறுத்துதல் ஆகியவற்றிலும் இக்கேள்வி எழும்.

இரண்டாவது பொருள் உள்ளடக்கம் சார்ந்தது. அரசு எத்தனை ஒழுங்கான நடைமுறையைப் பின்பற்றினாலும், சில சுதந்திரங்களைப் போதுமான காரணமின்றிப் பறிக்கவே கூடாது என்பது இதன் சாரம். யாரை மணப்பது, பிள்ளைகளை எப்படி வளர்ப்பது போன்றவை இவ்வகையில் அடங்கும். இந்த இரண்டாவது பொருளே இன்றுவரை பெரும் சர்ச்சைக்குரியதாக இருக்கிறது. எந்தச் சுதந்திரம் அடிப்படையானது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிபதிகளின் கைக்குப் போய்விடுகிறது என்பதே காரணம்.

இவற்றோடு உரிமைகள் சாசனம் எனப்படும் முதல் பத்துத் திருத்தங்களில் வேறு சில பாதுகாப்புகளும் உள்ளன. நியாயமற்ற சோதனைக்கும் கைதுக்கும் எதிரான பாதுகாப்பு நான்காவது திருத்தத்தில் உள்ளது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாமை ஐந்தாவது திருத்தத்தில் உள்ளது. விரைவான, பொதுவில் நடக்கும் விசாரணையும் வழக்குரைஞர் உதவியும் ஆறாவது திருத்தத்தில் கூறப்பட்டுள்ளன. கொடிய தண்டனைக்கும் அளவு மீறிய பிணைத் தொகைக்கும் எட்டாவது திருத்தம் தடை விதிக்கிறது.

உடைமையாளரின் கேடயமாக

இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, நாட்டின் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தக் கூடாது என்று மன்னரைக் கட்டுப்படுத்தியது. 'உரிய சட்ட நடைமுறை' என்ற சொற்றொடர் 1354ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் ஒன்றில் இடம்பெற்றது. அமெரிக்கர்கள் அதனை அங்கிருந்தே எடுத்துக் கொண்டனர்.

ஆனால், 1791க்குப் பின்னும் அதன் வீச்சு மிகக் குறுகியதாகவே இருந்தது. பால்டிமோர் நகரத்தின் பணிகளால் தன் படகுத்துறை பயனற்றுப் போனதாக ஒருவர் தொடுத்த வழக்கில், உரிமைகள் சாசனம் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என 1833இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் துறை, குற்றவியல் நீதிமன்றம், சிறை ஆகியவற்றுள் பெரும்பாலானவை மாநிலங்களின் கையில் இருந்தன. அடிமை முறையைக் காத்த சட்டங்களும் மாநிலச் சட்டங்களே.

1850இல் இயற்றப்பட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டம், நடைமுறை என்ற பெயரில் எதையெல்லாம் செய்யலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. அடிமையெனக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. அவருடைய வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படாது. வழக்கை முடிவு செய்யும் ஆணையர், அவரை எசமானனிடம் ஒப்படைத்தால் 10 டாலரும், விடுவித்தால் 5 டாலரும் கட்டணமாகப் பெறுவார். அறிவிப்பு, தரப்பு கேட்பு, பக்கச் சார்பின்மை ஆகிய மூன்றும் இங்கே சட்டத்தின் மூலமாகவே மறுக்கப்பட்டன.

இதன் உச்சம் 1857ஆம் ஆண்டின் டிரெட் ஸ்காட் வழக்கு. அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்த பகுதியில் தன் எசமானனோடு வாழ்ந்ததால் தான் சுதந்திர மனிதன் என ஸ்காட் வாதிட்டார். தலைமை நீதிபதி டேனி எழுதிய தீர்ப்பு இரண்டு முடிவுகளைச் சொன்னது. ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்பது ஒன்று. குறிப்பிட்ட பகுதிக்குள் அடிமையைக் கொண்டுவந்தார் என்பதற்காக ஒருவரின் உடைமையைப் பறிப்பது உரிய சட்ட நடைமுறைக்கு எதிரானது என்பது மற்றொன்று. அந்த 'உடைமை' ஒரு மனிதன். ஒரு மனிதரின் சுதந்திரத்தைக் காக்க வேண்டிய சொற்றொடர், அவரை உடைமையாக வைத்திருந்தவரின் உரிமையைக் காக்கப் பயன்பட்டது. உரிமையின் மொழி தன்னளவில் யாருடைய பக்கமும் நிற்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

'குடிமகன்' என்னாமல் 'மனிதர்' என்றது

உள்நாட்டுப் போருக்குப் பின் மூன்று திருத்தங்கள் வந்தன. 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1870ஆம் ஆண்டின் பதினைந்தாவது திருத்தம் இன அடிப்படையில் வாக்குரிமை மறுப்பதைத் தடை செய்தது. இவ்விரண்டுக்கும் இடையில் வந்த பதினான்காவது திருத்தமே நமது பொருளுக்கு மையமானது. ஒகையோவைச் சேர்ந்த ஜான் பிங்காம் அதன் முதற்பிரிவின் முதன்மை ஆசிரியர். அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என அறிவித்து டிரெட் ஸ்காட் தீர்ப்பை அது செல்லாததாக்கியது. உரிய சட்ட நடைமுறையையும், சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் மாநிலங்கள் மறுக்கக் கூடாது என்றும் கூறியது. இவ்விரு பாதுகாப்புகளும் குடிமக்களுக்கு மட்டும் உரியவை என்று அத்திருத்தம் கூறவில்லை. 'எந்த மனிதருக்கும்' என்றே கூறியது.

இச்சொல்லின் பயனை 1886இல் சான் பிரான்சிஸ்கோவின் சீனச் சலவைத் தொழிலாளர்கள் பெற்றனர். மரக் கட்டடங்களில் சலவையகம் நடத்த உரிமம் வேண்டும் என்ற நகரச் சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் விண்ணப்பித்த ஏறத்தாழ இருநூறு சீனர்களுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. வெள்ளையர்களுக்கு ஏறத்தாழ அனைவருக்கும் கிடைத்தது. சொல்லளவில் நடுநிலையான சட்டத்தையும் தீய நோக்கோடு செயல்படுத்தினால் அது செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. பதினான்காவது திருத்தம் குடியுரிமை இல்லாதவரையும் காக்கும் என்பதும் அவ்வழக்கிலேயே உறுதியானது.

ஆனால், இத்திருத்தம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தக் கறுப்பின மக்களுக்கு அது கைகொடுக்கவில்லை. 1873ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்சில் கறுப்பர்கள் பலர் வெள்ளையர் கும்பலால் படுகொலை செய்யப்பட்டனர். குற்றவாளிகளுக்கு எதிரான வழக்கில் 1876இல் உச்ச நீதிமன்றம், பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளை மட்டுமே கட்டுப்படுத்தும், தனிநபர்களை அல்ல என்று கூறித் தண்டனையை நீக்கியது. 1896இல் இன ஒதுக்கலுக்கும் அந்நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

அதே காலத்தில் அச்சொற்றொடர் முதலாளிகளுக்குத் தாராளமாகப் பயன்பட்டது. ரொட்டித் தொழிற்கூடத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை வாரத்திற்கு 60 மணி என வரையறுத்த நியூயார்க் சட்டத்தை 1905இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. முதலாளியும் தொழிலாளியும் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தை அச்சட்டம் பறிக்கிறதாம். உள்ளடக்கம் சார்ந்த பொருள் மீது அமெரிக்க முற்போக்காளர்களுக்கு நீண்ட காலம் இருந்த ஐயத்துக்கு இதுவே காரணம்.

ஆர்கன்சா, அலபாமா, மிசிசிப்பி: மூன்று வழக்குகள்

நடைமுறைப் பாதுகாப்பு உயிர் பெற்றது இருபதாம் நூற்றாண்டில், தென் மாநிலங்களின் ஏழைக் கறுப்பர்கள் தொடுத்த வழக்குகளில். அவற்றுள் மூன்றை விரிவாகக் காண்போம்.

முதல் வழக்கு ஆர்கன்சா மாநிலத்தின் எலைனில் தொடங்கியது. 1919 செப்டம்பர் 30 இரவு, வாரச் சாகுபடி செய்த கறுப்பின விவசாயிகள் பருத்திக்கு நியாய விலை கேட்பது குறித்துப் பேச ஒரு தேவாலயத்தில் சங்கக் கூட்டம் நடத்தினர். அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு வெள்ளையர் இறந்தார். அடுத்த சில நாட்களில் ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல்களும் படையினரும் அப்பகுதிக் கறுப்பர்களை வேட்டையாடினர். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை இன்றுவரை துல்லியமாகக் கணக்கிடப்படவில்லை. ஆனால், வழக்குத் தொடுக்கப்பட்டது கறுப்பர்கள் மீதுதான். சாட்சிகள் சவுக்கால் அடிக்கப்பட்டனர். நீதிமன்றத்தைச் சுற்றி வெறிபிடித்த கும்பல் நின்றது. விசாரணை ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி சில நிமிடங்களில் தீர்ப்புச் சொன்னது. பன்னிருவருக்கு மரண தண்டனை.

அடிமையாகப் பிறந்து வழக்குரைஞரான சிப்பியோ ஆப்ரிகானஸ் ஜோன்சும், வண்ணத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கமும் இவ்வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றனர். 1923இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, கும்பலின் அச்சுறுத்தலின் கீழ் நடந்த விசாரணை வெறும் முகமூடி. அத்தகைய புகாரைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆள்கொணர்வு மனுவில் ஆராய்ந்தே ஆக வேண்டும் என்றது. 1925க்குள் பன்னிருவரும் சாவிலிருந்து மீண்டு வெளியே வந்தனர்.

இரண்டாவது, அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ வழக்கு. 1931 மார்ச் 25 அன்று சரக்கு இரயிலில் பயணம் செய்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள், இரு வெள்ளைப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகக் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பதின்ம வயதினர். பன்னிரண்டே நாட்களில் விசாரணை தொடங்கியது. ஊரின் வழக்குரைஞர்கள் எல்லோரையும் பொதுவாக நியமிப்பதாக நீதிபதி கூறினார். எல்லோரும் பொறுப்பு என்றதால் எவரும் பொறுப்பேற்கவில்லை. விசாரணை தொடங்கும் காலையில்தான் ஆயத்தமே செய்யாத ஒருவர் அவர்களுக்காக எழுந்து நின்றார். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வழக்கை எடுத்தது. நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மரண தண்டனைக்குரிய வழக்கில் ஏழைக்கும் எழுத்தறிவற்றவருக்கும் செயல்திறனுள்ள வழக்குரைஞர் உதவி தராமல் விசாரிப்பது உரிய சட்ட நடைமுறையை மறுப்பதாகும் என 1932இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜூரியிலிருந்து கறுப்பர்களைத் திட்டமிட்டு விலக்கியதற்காக 1935இல் இரண்டாம் முறையும் தண்டனையை இரத்து செய்தது. குற்றம் சாட்டிய பெண்களுள் ஒருவர் 1933இலேயே தன் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றிருந்தார். அப்படியிருந்தும், அவர்களுள் கடைசி இளைஞர் சிறையை விட்டு நீங்கியது 1950இல்தான். எஞ்சியிருந்த மூவருக்கு அலபாமா அரசு மன்னிப்பு வழங்கியது 2013இல். அப்போது அவர்களில் எவரும் உயிருடன் இல்லை.

மூன்றாவது வழக்கு மிசிசிப்பியில். 1934இல் ஒரு வெள்ளை நிலவுடைமையாளர் கொல்லப்பட்டதற்காக மூன்று கறுப்பினக் குத்தகை விவசாயிகள் கைது செய்யப்பட்டனர். ஒருவரை மரத்தில் தூக்கிக் கட்டி இறக்கினர். மற்ற இருவரை உலோகக் கொக்கியுள்ள தோல்வாரால் முதுகு கிழிய அடித்தனர். சொல்லிக் கொடுத்தபடி ஒப்புதல் வாக்குமூலம் வரும்வரை அடி ஓயவில்லை. அடித்த துணை ஷெரீஃப் அதனை நீதிமன்றத்தில் மறுக்கவே இல்லை. ஒரு நீக்ரோவுக்கு அது அதிகமான அடி அல்ல என்பதே அவர் பதில். அவ்வாக்குமூலத்தைத் தவிர வேறு தக்க சான்று இல்லாமலே மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1936இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதனை இரத்து செய்தது. சித்திரவதையால் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிப்பது நீதி விசாரணை அல்ல என்பது இவ்வழக்கில் நிலைநாட்டப்பட்டது. ஆயினும், மீண்டும் அதே ஊரில் விசாரிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்த மூவரும், குறைந்த தண்டனைக்கு உடன்பட்டுச் சிறை சென்றனர். அவர்களுக்கு எதிராக வாதாடிய அரசு வழக்குரைஞர் ஜான் ஸ்டென்னிஸ், பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்தார்.

அனைவருக்குமான உரிமையாக

இவ்வழக்குகள் இட்ட பாதையில்தான் 1960களின் தீர்ப்புகள் வந்தன. உரிமைகள் சாசனத்தின் பாதுகாப்புகளைப் பதினான்காவது திருத்தத்தின் வழியாக ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் பொருத்துவதை 'உள்ளடக்குதல்' என்பர். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளைச் சான்றாக ஏற்கக் கூடாது என்பது 1961இல் மாநிலங்களுக்கும் விரிந்தது. கிளீவ்லாந்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டுக்குள் காவல் துறையினர் அத்துமீறி நுழைந்த வழக்கு அது.

1963இல் புளோரிடா சிறையிலிருந்து கிடியன் என்ற ஏழை வெள்ளையர் பென்சிலால் எழுதி அனுப்பிய மனு, கடுங்குற்ற வழக்குகளில் ஏழைகள் அனைவருக்கும் அரசுச் செலவில் வழக்குரைஞர் என்ற உரிமையைப் பெற்றுத் தந்தது. வழக்குரைஞருடன் மறுவிசாரணைக்கு நின்ற அவர் விடுதலையானார். ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள் பெற்ற தீர்ப்பு அவருக்கும் அடித்தளமாயிற்று. காவலில் உள்ளவரிடம் கேள்வி கேட்கும் முன், அவர் மௌனமாக இருக்கலாம், வழக்குரைஞரை நாடலாம் என்று சொல்ல வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு 1966இல் வந்தது. பதினைந்து வயதுச் சிறுவனை ஒரு தொலைபேசி அழைப்புக்காக ஆறாண்டுகள் வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க ஆணையிட்ட வழக்கில், சிறார்களுக்கும் இவ்வுரிமைகள் உண்டு என 1967இல் தீர்ப்பானது.

அதே ஆண்டின் லவிங் வழக்கு நம் வாசகர்களின் தனிக் கவனத்துக்குரியது. வர்ஜீனியாவைச் சேர்ந்த வெள்ளையர் ஒருவரும் கறுப்பினப் பெண் ஒருவரும் 1958இல் வாசிங்டனில் திருமணம் செய்து ஊர் திரும்பினர். நள்ளிரவில் படுக்கையறைக்குள் நுழைந்து அவர்களைக் கைது செய்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் மாநிலத்தை விட்டு வெளியேறினால் சிறை இல்லை என்றார் நீதிபதி. கலப்பு மணத்தைக் குற்றமாக்கும் சட்டங்கள் அப்போது 16 மாநிலங்களில் இருந்தன. அவை சமமான பாதுகாப்புக்கும் உரிய சட்ட நடைமுறைக்கும் எதிரானவை என ஒருமனதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது.

1970இல் நியூயார்க் நகர ஏழைகள் தொடுத்த வழக்கில், நலத்திட்ட உதவித்தொகையை நிறுத்தும் முன்பே பயனாளியின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பசித்திருப்பவர் உதவியை இழந்த பின் வழக்காடுவது இயலாது என்பதை அது உணர்ந்திருந்தது. ஆனால் 1976இல், பறிக்கப்படும் நலனின் அளவு, தவறு நேரும் வாய்ப்பு, அரசுக்கு ஆகும் சுமை ஆகிய மூன்றையும் எடைபோட்டே எவ்வளவு நடைமுறை தேவை என முடிவு செய்ய வேண்டும் என்றது. அதன்பின் பல வழக்குகளில் அரசின் சுமையே கனத்தது.

பாதுகாப்பு முடியும் இடங்கள்

முதல் எல்லை, அச்சத்தின் காலம். 1942இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் விசாரணையே இன்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1944இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. 1988இல்தான் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிருடன் இருந்தோருக்குத் தலா 20,000 டாலர் வழங்கியது. 2025இல் மீண்டும் அக்கேள்வி எழுந்தது. 1798ஆம் ஆண்டின் அந்நிய எதிரிகள் சட்டத்தைக் கொண்டு வெனிசுவேலா நாட்டினர் பலரை அமெரிக்க அரசு எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பியது. அச்சட்டத்தின் கீழ் வெளியேற்றப்படுவோருக்கு அறிவிப்பும், நீதிமன்றத்தை நாடப் போதிய காலமும் தர வேண்டும் என அவ்வாண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் கூறியது. 'எந்த மனிதரும்' என்ற சொல் இன்றும் சோதனைக்கு உள்ளாகிறது.

இரண்டாவது எல்லை, நடைமுறை இருந்தும் நீதியில்லாத நிலை. ஜார்ஜியாவில் வெள்ளையரைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவர்களைவிட 4.3 மடங்கு அதிகம் என்பதைக் காட்டிய ஆய்வு 1987இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஆய்வு சரியென்றே வைத்துக் கொண்டாலும், இந்தக் குறிப்பிட்ட மனிதருக்கு எதிராக வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டும் என 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் கூறி மனு தள்ளுபடியானது. மேலும், குற்றத் தீர்ப்புகளில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 விழுக்காடும் மாநிலங்களில் 94 விழுக்காடும் குற்ற ஒப்புதல் பேரத்தின் வழியே வருவதாக உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டது. விசாரணை என்ற உரிமை, நடைமுறையில் மிகச் சிலருக்கே வாய்க்கிறது.

மூன்றாவது எல்லை நமக்கு மிக முதன்மையானது. உரிய சட்ட நடைமுறை அரசின் கையைத்தான் கட்டுகிறது. சமூகத்தின் கையை அல்ல. கோல்ஃபாக்ஸ் தீர்ப்பில் தொடங்கிய இக்கருத்து இன்றும் தொடர்கிறது. நீதிமன்றத்தின் தடை ஆணை இருந்தும் கணவரிடமிருந்து பிள்ளைகளைக் காவல் துறை மீட்காததால் மூன்று மகள்களையும் இழந்த தாயின் வழக்கில், காவல் துறையின் பாதுகாப்பைக் கோருவது அரசமைப்பு காக்கும் உரிமை அல்ல என 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு தாக்கினால் கேட்கலாம். அரசு வேடிக்கை பார்த்தால் இந்தச் சொற்றொடர் உதவாது.

அம்பேத்கரும் அரசமைப்பு அவையும்

பதினான்காவது திருத்தத்தின் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' நம் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இடம்பெற்றது. ஆனால், உரிய சட்ட நடைமுறை இடம்பெறவில்லை. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் மன்றம் இயற்றும் சட்டங்களை வீழ்த்தும் அதிகாரத்தை இச்சொற்றொடர் நீதிபதிகளுக்குத் தருகிறது என்பது அவருடைய எச்சரிக்கை. நிலச்சீர்திருத்தம் போன்ற சட்டங்கள் சிக்கிவிடும் என்ற கவலையும் இருந்தது. எனவே, ஜப்பானிய அரசமைப்பைப் பின்பற்றி, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்ற சொற்கள் 21ஆம் பிரிவில் வந்தன.

1948 டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் இதுகுறித்து அவையில் பேசியபோது, இரு பக்க ஆபத்தையும் மறைக்காமல் எடுத்து வைத்தார். கட்சிக்காரர்களால் நிரம்பிய சட்டமன்றம் அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை இயற்றக் கூடும். நீதிமன்றத்தில் அமர்ந்த ஐந்தாறு பேர் தம் சாய்வுகளுக்கேற்ப நல்ல சட்டங்களை வீழ்த்தவும் கூடும். இரண்டில் எதையும் முழுமையாக நம்ப இயலாது என்று கூறி முடிவை அவையிடமே விட்டார். பின்னர் 1949 செப்டம்பரில், நீக்கப்பட்டதற்கு ஈடாக, கைதுக் காரணத்தை அறியும் உரிமை, வழக்குரைஞரை நாடும் உரிமை, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும் உரிமை ஆகியவற்றைக் கொண்ட இன்றைய 22ஆம் பிரிவை அவரே கொண்டுவந்தார். ஆனால், தடுப்புக் காவலுக்கு அப்பிரிவே விலக்கும் அளித்தது.

விளைவு உடனே தெரிந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், சட்டமன்றம் இயற்றிய நடைமுறை இருந்தாலே போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என 1950இல் தீர்ப்பானது. 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, நீக்கப்பட்ட பொருளை மீட்டது.

அம்பேத்கரின் இரண்டு அச்சங்களும் மெய்யாயின. ஒருபுறம், 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, நம் சிறைகளில் உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். மறுபுறம், 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரின் 21ஆம் பிரிவு உரிமையைக் காரணம் காட்டி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உடனடிக் கைதுக்கு முன்நிபந்தனைகளை விதித்தது. தலித் மக்கள் ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய போராட்டத்தில் இறங்கினர். அதன் பின்னரே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து அந்நிபந்தனைகளை நீக்கியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

உரிய சட்ட நடைமுறையை வெறும் மேற்கத்திய அலங்காரம் என்று நாம் ஒதுக்க இயலாது. காவல் நிலையத்தில் அடிபடுபவரும், பிணைத் தொகை கட்ட இயலாமல் சிறையில் கிடப்பவரும், பொய் வழக்கில் சிக்க வைக்கப்படுபவரும் பெரும்பாலும் நம் மக்களே. மிசிசிப்பியின் மூன்று விவசாயிகள் பெற்ற தீர்ப்பு அவர்களுக்கே உரியது. கைது செய்யப்பட்டவரின் உரிமைகளைக் கற்பதும் கற்பிப்பதும் அமைப்புகளின் அன்றாடப் பணியாக வேண்டும். சிப்பியோ ஜோன்ஸ் போன்ற வழக்குரைஞர்களை நம்மிடையே உருவாக்குவது சட்டக் கல்லூரி மாணவர்களின் கையில் இருக்கிறது.

அதே வேளையில், அரசை மட்டும் கட்டுப்படுத்தும் உரிமை நமக்குப் போதாது. சாதியின் வன்முறை பெரும்பாலும் ஊரிலிருந்து வருகிறது. அதனால்தான் நம் அரசமைப்பு தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவையும், கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் தனிநபர்களும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 15(2)ஆம் பிரிவையும் கொண்டுள்ளது. அமெரிக்க அரசமைப்பில் அடிமை முறைத் தடையைத் தவிர, தனிமனிதர் மீது நேரடியாகப் பாயும் இத்தகைய உரிமை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற வாதம் எழும்போதெல்லாம், அவ்வாதத்தால் பயன்பெறுபவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். டிரெட் ஸ்காட் வழக்கில் உடைமையாளரும், எலைன் வழக்கில் சங்கம் வைத்த உழவர்களும் நம்பி நின்றது ஒரே சொற்றொடரைத்தான். அதன் பொருளை மாற்றியவர்கள் அந்த உழவர்களும், அவர்களைக் கைவிடாத அமைப்புகளுமே.